பல்லுக்குப் பத்தாயிரம்: கேட்டு வாங்க ஏன் தயங்குகிறோம்?

நாய்க்கடிக்கெல்லாம் அரசியல் ஏட்டில் இடம் ஒதுக்க வேண்டுமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். விலைவாசி இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கிடைக்காத துயரம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லாத குறை இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நாயைப் பற்றியா? ஆம், இந்த இதழில் நாயைப் பற்றித்தான். சண்டிகரில் நம் மக்கள் குடியிருக்கும் காலனிகளில் சென்ற குளிர்காலத்தில் மட்டும் நமக்குத் தெரிந்து ஏழு பேர் கடிபட்டார்கள். அவர்களில் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டவர் ஒரே ஒருவர். மற்ற ஆறு பேருக்கும் கேட்கலாம் என்பதே தெரியாது. தெரிந்த பின்பும் கேட்கத் துணிவில்லை. இது நாயின் குற்றமா, நம் குற்றமா, ஆட்சியாளர் குற்றமா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மனுப் போட்ட அந்த ஒருவரின் கதையிலிருந்தே தொடங்குவோம். பெயர் வேண்டாம். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அக்கா ஒருவர். மூன்று கோட்டிகளில் பாத்திரம் தேய்த்து, துணி அலசி, தரை துடைப்பவர். ஜனவரி மாதப் பனிமூட்டத்தில் காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டால்தான் முதல் வீட்டுக்கு ஆறரைக்குப் போய்ச் சேர முடியும். ஐந்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூட்டம் அது. மார்க்கெட்டின் பின்புறம், இறைச்சிக் கடைக் கழிவுகளைக் கொட்டும் மூலையில், நான்கைந்து நாய்கள் சூழ்ந்துகொண்டன. ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியது. கவ்வியது விடவில்லை, இழுத்தது. யாரோ ஒரு பால்காரர் சைக்கிளை விட்டிறங்கிக் கல்லெறிந்த பின்புதான் விட்டது.

அக்கா என்ன செய்தார்? துப்பட்டாவைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு முதல் கோட்டிக்குப் போய் வேலை செய்தார். இரண்டாவது கோட்டியிலும் செய்தார். மூன்றாவது வீட்டில் தரையில் இரத்தக்கறை விழுந்ததைப் பார்த்து அந்த வீட்டம்மா கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். அந்த அம்மாள் மஞ்சளை அப்பி, இருநூறு ரூபாயைக் கையில் கொடுத்து, “டி.டி. ஊசி போட்டுக்கொள்” என்று அனுப்பி வைத்தார். நல்ல மனம்தான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் டி.டி. ஊசி வெறிநோயைத் தடுக்காது என்பது படித்த அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள்தான் நம் சங்கத்துக்குச் செய்தி வந்தது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டோம். “வேலைக்குப் போகலைன்னா வேற ஆளை வச்சுக்குவாங்கண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போனா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாமே, பத்து நாள் எந்திரிக்க முடியாதாமே” என்றார் அந்த அக்கா. பதினாலு ஊசி! செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004 டிசம்பரோடு நிறுத்தியாயிற்று. இருபது ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பயம் மட்டும் நம் வீடுகளில் பாட்டி சொல்லிப் பேத்திக்கு வந்துகொண்டிருக்கிறது. இன்று போடுவது கையில். தோலுக்குள் போடும் முறையானால் கடிபட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை. தசையில் போடும் முறையானால் ஐந்து முறை. தோல் கிழிந்து இரத்தம் வந்த கடியானால் இவற்றோடு, முதல் நாளிலேயே, கடிவாயைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கடித்த உடனே சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். நோய் வெளியே தெரியத் தொடங்கிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆகவே ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பதே இதில் கிடையாது. மூன்று நாள் கடந்து வந்தவரைக்கூட நாம் விடாமல் அழைத்துப் போனது அதனால்தான். அக்காவுக்கு நான்கு ஊசியும் முடிந்தது, கால் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது.

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி.

பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் 193 மனுக்களை ஒன்றாக விசாரித்து ஒரு தீர்ப்பு வழங்கியது. பஞ்சாப், ஹரியாணா, சண்டிகர் ஆகிய மூன்றையும் அது கட்டுப்படுத்தும். தெரு மாடு, தெரு நாய் முதலிய பிராணிகளால் அடிபட்டவர், செத்தவர் குடும்பத்தார் ஆகியோரின் மனுக்களைத் தீர்க்க மாவட்டந்தோறும் டெபுடி கமிஷனர் தலைமையில் ஒரு குழு அமைக்க வேண்டும். உரிய காகிதங்களோடு மனு வந்தால் நான்கு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். பணம் கொடுக்க வேண்டிய முதற்பொறுப்பு சர்க்காருடையது. தவறு செய்த இலாகாவிடமோ தனியாரிடமோ சர்க்கார் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும். நாய்க்கடிக்குத் தொகையையும் நீதிமன்றமே நிர்ணயித்தது. ஒரு பல் பதிந்த தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டர் காயத்துக்குக் குறைந்தது 20,000 ரூபாய்.

இச்செய்தி பத்திரிகைகளில் வந்தபோது நம்மில் பலர் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘நாய்க்குப் பல் எத்தனை, எண்ணிப் பார்’ என்று டீக்கடையில் கேலி பேசினோம். ஏழையின் காலை ஸ்கேல் வைத்து அளந்து பணம் கொடுப்பதா என்று கொதித்தவர்களும் உண்டு. அந்தக் கொதிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நாம் இப்போது மாறுபட்ட கருத்துக்கு வந்திருக்கிறோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு அட்டவணை இருந்தது. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு என்று அதில் எழுதியிருந்தது. விரலுக்கு விலையா என்று அன்றும் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த அட்டவணை இல்லாதிருந்தால் மில் முதலாளி ஐம்பது ரூபாயைக் கொடுத்து ஊருக்கு ரயில் ஏற்றியிருப்பான். அளவு என்று ஒன்று இருந்தால் பேரம் பேச முடியாது. குமாஸ்தாவின் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. வாயில்லாதவனுக்கு அளவுகோல்தான் வாய். ஸ்கேல் வைத்து அளக்கட்டும். சரியாக அளக்கட்டும் என்பதே நம் வாதம்.

கணக்கைப் பாருங்கள். நான்கு பல் பதிந்தால் 40,000. ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சதை பிய்ந்திருந்தால் ஒரு லட்சம். இதெல்லாம் குறைந்தபட்சம். மூன்று கோட்டியில் வேலை செய்யும் அக்காவுக்கு இது எத்தனை மாத வருமானம் என்று வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

சீட்டில் எழுதாத பல்

ஆனால் தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. கேட்பவரிடமும் காகிதம் இருந்தால்தான் இரண்டும் சந்திக்கும். நம் அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது இரண்டே சொற்கள்: நாய்க்கடி, மூன்றாம் வகை. பல் தடம் எத்தனை, பிய்ந்த காயத்தின் நீளம் எவ்வளவு, எந்தக் கால், எந்த இடம் எதுவும் இல்லை. டாக்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெளியே அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது அவர் ஊசியைப் பார்ப்பாரா, பல்லை எண்ணுவாரா? வைத்தியத்துக்கு அந்த இரண்டு சொல் போதும். நஷ்டஈட்டுக்குப் போதாது. நாம் மறுநாள் திரும்பப் போய், விவரம் சொல்லி, கெஞ்சி, காயத்தின் அளவைச் சீட்டில் எழுதி முத்திரை வாங்கி வந்தோம். அதற்குள் வீக்கத்தில் இரண்டு தடங்கள் ஒன்றாகிப் போயிருந்தன. ஒரு பல் போயிற்று, பத்தாயிரம் போயிற்று! முதல் நாளே செல்போனில், பக்கத்தில் பிள்ளையின் பள்ளி ஸ்கேலை வைத்து, ஒரு படம் எடுத்திருந்தால் போயிருக்காது. நம் கையில் எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் படம் எடுக்கிறோம். காயத்தை எடுக்கத் தோன்றவில்லை.

அடுத்தது தாணா. தீர்ப்பில் போலீசாருக்கும் கடமை சொல்லியிருக்கிறது. தகவல் வந்ததும் தாமதமின்றி தினசரி டைரியில் பதிய வேண்டும். சாட்சிகளை விசாரிக்க வேண்டும். இடத்தின் வரைபடம் தயாரிக்க வேண்டும். நகலை மனுதாரருக்குக் கொடுக்க வேண்டும். நாம் போனபோது அங்கிருந்தவர் சொன்னது என்ன? “நாய் மேல் கேஸ் எழுதச் சொல்கிறாயா? நாயின் அப்பா பெயர் என்ன?” அறையே சிரித்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “போயிடலாம்ணா” என்றார். இந்த ‘போயிடலாம்ணா’ இருக்கிறதே, இதை நம்பித்தான் இந்த நாட்டில் பாதி அலுவலகங்கள் நடக்கின்றன.

நாம் போகவில்லை என்று பெருமை பேசிக்கொள்ள மாட்டோம். போய்விட்டோம். இரண்டு நாள் கழித்து, தீர்ப்பின் நகலில் போலீசாரைப் பற்றிய பத்திக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு, நன்றாக இந்தி பேசக்கூடிய இரண்டு இளைஞர்களோடு திரும்பப் போனோம். மூன்றாம் முறைதான் டைரியில் ஏறியது. சிரித்தவர்தான் எழுதினார், எழுதிக் கொடுத்தபோது தேநீரும் வாங்கிக் கொடுத்தார். மனிதர் கெட்டவரல்லர். அவருக்கும் அந்தத் தீர்ப்பை அதற்கு முன் யாரும் காட்டவில்லை.

பிறகு செக்டார் 17இல் டெபுடி கமிஷனர் அலுவலகம். அங்கே குமாஸ்தா ஆதார் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “விலாசம் தமிழ்நாட்டில் இருக்கிறதே, அங்கே போய்க் கேளுங்கள்” என்றார். நாய் கடித்தது சண்டிகரில். குப்பையை அள்ளாதது இங்குள்ள மாநகராட்சி. நஷ்டஈடு மட்டும் கள்ளக்குறிச்சியில்! பதினெட்டு ஆண்டுகளாக இந்த நகரத்தின் பாத்திரத்தைத் தேய்த்தவருக்கு, கடிபட்ட அன்று மட்டும் சொந்த ஊர் நினைவூட்டப்படுகிறது. கடி நடந்த இடம்தான் பொறுப்பு, கடிபட்டவர் பிறந்த இடம் அல்ல என்று எழுத்தில் கொடுத்து, மனுவை வாங்கிக்கொண்டதற்கு ரசீதும் பெற்றோம். வாடகை வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம், பிள்ளையின் பள்ளிச் சான்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தோம். முகவரி மாற்றாத ஆதாரோடு வாழும் நம்மவர் எத்தனை பேர்! அதை மாற்றினால் ஊரில் ரேஷன் கார்டு போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

கோட்டி நாயும் ஐந்நூறு ரூபாயும்

தெருநாய்க் கடியைவிடக் கசப்பான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஏழு பேரில் இரண்டு பேரைக் கடித்தது தெருநாய் அல்ல. வேலை செய்யும் வீட்டு நாய். அதில் ஒருவர் சமையல் செய்யும் வயதான அம்மா. முன்கையில் கடி. வீட்டார் சொன்னது: “அது கடிக்காதே, விளையாடியிருக்கும்.” விளையாட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை; அந்த ஒன்பது நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். போலீசுக்குப் போனால் நாளை முதல் வர வேண்டாம் என்றும் நயமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

நாயை வைத்திருப்பவர் அதனால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். அதில் அலட்சியம் காட்டினால் பாரதிய நியாய சம்ஹிதையின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 289 என்று இருந்த பிரிவுதான் இது. அன்று அபராதம் ஆயிரத்துக்குள். ஆனால் அபராதம் சர்க்காருக்குப் போவது, கடிபட்டவருக்கு வருவதல்ல. தன் வைத்தியச் செலவு, போன கூலி, பட்ட வேதனை இவற்றுக்கு அந்த அம்மா சிவில் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். கோர்ட் என்றால் வக்கீல், ஸ்டாம்பு, வாய்தா. எந்தச் சமையற்கார அம்மா போவார்?

இங்கேதான் நம்மவர் அறியாத வாசல் ஒன்று இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண் என்றாலே போதும். வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். குழந்தைகளுக்கும் அப்படியே. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், ஊனமுற்றோருக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. சண்டிகரில் செக்டார் 43 மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இந்த ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது. நாடு முழுதுக்கும் 15100 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே, இரு தரப்பையும் கூப்பிட்டு லோக் அதாலத்தில் சமரசம் செய்து வைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். அங்கே எழுதப்படும் சமரசம் கோர்ட் டிக்ரிக்குச் சமம். வேலையை விட மனமில்லாதவருக்கு இது நல்ல வழி. வீட்டுவாசலில் ஐந்நூறு ரூபாயை நீட்டுகிறார்களே, அதே சமரசத்தை மேசை மேல் வைத்து, நியாயமான தொகைக்கு, எழுத்தில் செய்துகொள்வதுதான் இது. இதில் பகைமை எங்கே வந்தது?

ஆனால் அந்தச் சமையற்கார அம்மா அதற்கும் சம்மதிக்கவில்லை. “மகளுக்கு வைகாசியில கல்யாணம் வச்சிருக்கேன், தம்பி. இப்ப இந்த வீடு போனா நான் என்ன பண்ணுவேன்” என்றார். நாம் வற்புறுத்தவில்லை. அவர் பயம் பொய்யல்ல. வற்புறுத்திவிட்டு, வேலை போன பிறகு, மாதம் ஏழாயிரம் ரூபாய் நம் சங்கம் கொடுக்குமா? கொடுக்க முடியாதவன் வீரம் பேசக்கூடாது. இந்த இடத்தில் நாம் தோற்றோம் என்பதைப் பதிவு செய்கிறோம்.

தோற்றதற்கு இன்னொரு காரணமும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு வருத்தம் வரும், வரட்டும். செயற்குழுவில் இந்த விஷயம் வந்தபோது, பெரிய உத்தியோகத்தில் இருக்கும் உறுப்பினர் ஒருவர், “இதையெல்லாம் சங்கம் கையிலெடுத்தால், மதராசி வேலைக்காரிகள் கேஸ் போடுவார்கள் என்று பெயர் வந்துவிடும், யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள்” என்றார். அவர் வீட்டிலும் நாய் உண்டு. அவர் வீட்டிலும் நம் காலனிப் பெண்தான் வேலை செய்கிறார். செக்டாரில் இருக்கும் தமிழரும் காலனியில் இருக்கும் தமிழரும் பொங்கல் விழாவில் ஒரே பந்தியில் உட்காருகிறோம், நல்லது. விழா முடிந்த மறுநாளும் அந்தப் பந்தி நினைவிருக்க வேண்டும். சங்க உறுப்பினர் வீட்டு நாய் கடித்தால் முதலில் நஷ்டஈடு கொடுப்பவர் அந்த உறுப்பினராக இருக்கட்டும். நாயை மாநகராட்சியில் பதிவு செய்து, ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, வேலைக்கு ஆள் வரும் நேரத்தில் கட்டி வைத்தால் அந்தச் செலவே வராது.

இரு கட்சியிலும் நாம் இல்லை

2025ஆம் ஆண்டில் நாடு முழுதும் நாய் வாதம் நடந்தது நினைவிருக்கும். ஆகஸ்ட் 11ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தில்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். 22ஆம் நாள் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நவம்பர் 7ஆம் நாள் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து அகற்றச் சொன்னார்கள். டெலிவிஷனில் இரு கட்சியார் மோதினார்கள். ஒரு கட்சி நாய்க்காக அழுதது. ஒரு கட்சி நாயைச் சபித்தது. இரண்டு கட்சியிலும் காரில் போகிறவர்களே பேசினார்கள். விடியுமுன் நடந்து போகிறவர் யாரையும் அந்தத் திரையில் நாம் பார்க்கவில்லை. தெரு பெருக்குபவர், பேப்பர் போடுபவர், இரவுக் காவல் முடிந்து திரும்புபவர், கோட்டி வேலைக்குப் போகும் பெண்கள், இவர்களன்றோ கடிபடுகிறவர்கள்?

2024ஆம் ஆண்டில் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேல் நாய்க்கடிகள் பதிவாயின என்று மத்திய சர்க்கார் நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே ஆண்டில் வெறிநோயால் இறந்ததாகச் சந்தேகிக்கப்பட்டோர் எத்தனை பேர்? 54 பேர் என்றது. ஆராய்ச்சியாளரின் மதிப்பீடு ஒன்று ஆண்டுக்குச் சுமார் 5,700 என்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 18,000 முதல் 20,000 வரை என்று சொல்லிவந்திருக்கிறது. இந்த எண்களுக்கு நடுவே விழுந்து காணாமற் போனவர்கள் யார்? சீட்டு வாங்காமல் செத்தவர்கள். எவனுக்குக் காகிதம் இல்லையோ அவன் சாவும் கணக்கில் இல்லை.

நம் இளைஞர்களில் சிலர் கோபத்தில் விஷம் வைக்கலாம் என்று பேசுவதாகக் கேள்விப்படுகிறோம். வேண்டாம், தம்பிகளே. அது கொடுமை என்பது ஒரு புறம். விலங்கை விஷம் வைத்துக் கொல்வது 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பது மறுபுறம். மாநகராட்சி மீது மனுக் கொடுத்துவிட்டு நிற்கும் காலனி, மறுநாள் குற்றவாளிக் காலனியாகிவிடும். அதோடு, இறைச்சிக் கழிவு அங்கேயே கிடக்கும்வரை, செத்த நாயின் இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்து சேரும். நாய்களுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் பொறுப்பை 2001ஆம் ஆண்டு விதிகளும் 2023ஆம் ஆண்டு விதிகளும் உள்ளாட்சிகளின் தலையில்தான் வைத்திருக்கின்றன. செய்யவில்லையென்றால் பல்லுக்குப் பத்தாயிரம் கட்டட்டும். ஆயிரம் பேர் கேட்டு வாங்கினால், குப்பையை அள்ளுவது மலிவு என்று கஜானாவுக்கே தோன்றிவிடும். ஆகவே நஷ்டஈடு கேட்பவர் தனக்காக மட்டும் கேட்கவில்லை. அடுத்த தெருக்காரருக்காகவும் கேட்கிறார். இதைத்தான் பிச்சை என்று நினைத்து நம் பெண்கள் கூசுகிறார்கள்!

வேறு ஊர்களிலுள்ள வாசகர்கள் தங்கள் மாநில நிலையை விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்லா இடத்திலும் இந்தத் தீர்ப்பு செல்லாது. கேரளத்தில் உச்சநீதிமன்றம் 2016இல் நீதிபதி சிரிஜகன் குழுவை அமைத்து நஷ்டஈட்டு மனுக்களை ஆராய வைத்தது. கர்நாடக சர்க்கார் 2025இல் உயிரிழப்புக்கு ஐந்து லட்சம், கடிக்கு ஐயாயிரம் என்று ஆணை போட்டது. அந்த ஐயாயிரத்திலும் கடிபட்டவர் கைக்கு 3,500தான், மீதி சிகிச்சைக் கணக்குக்கு. பெங்களூர்த் தோழர்கள் இது போதுமா என்று கேட்க வேண்டும். ஒரே பல், ஒரே சதை. அம்பாலாவில் ஒரு விலை, பெங்களூரில் ஒரு விலையா? ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை செய்து, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், வேலை நேரத்தில் கடிபட்டால் பணிக்கால விபத்தாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள். வேலைக்குப் போக முடியாத நாட்கள் மூன்றைத் தாண்டினால் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்க வழியுண்டு. மேஸ்திரி சொல்ல மாட்டார்.

நம் சங்கத்தில் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கியிருக்கிறோம். கடிபட்டவர் பெயர், நாள், நேரம், இடம், பல் தடம், சாட்சி, ஆஸ்பத்திரிச் சீட்டு எண், டைரி எண் எல்லாம் அதில் ஏறும். தீர்ப்பின் நகல் பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். இரண்டு இளைஞர்கள் ஞாயிறு மாலை நான்கு முதல் ஏழு வரை சங்க அறையில் இருப்பார்கள். கடி ஞாயிற்றுக்கிழமை பார்த்து வராது என்பது நமக்கும் தெரியும். ஆகவே மற்ற நாளில் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டலாம், இரவானாலும் தட்டலாம். அவர் மனைவியாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

அக்காவின் மனு பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் வாங்கப்பட்டது. மூன்று பல் தடம், சதை பிய்ந்த காயம் 0.8 சென்டிமீட்டர், 1,10,000 ரூபாய் கேட்டிருக்கிறோம். இதற்குள் இரண்டு முறை போய் விசாரித்ததில், ‘கமிட்டி கூடவில்லை’ என்ற பதில் ஒரு முறை, ‘பைல் மேலே இருக்கிறது’ என்ற பதில் ஒரு முறை. ஜூன் மூன்றாம் வாரத்தோடு நான்கு மாதம் முடிகிறது. அதுவரை முடிவு வராவிட்டால் உயர்நீதிமன்றத்துக்கு எழுதுவதற்கான வக்காலத்தில் அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கையெழுத்து என்றால் கையெழுத்துத்தான், கைநாட்டு அல்ல. சங்கத்தின் மாலை வகுப்பில் சென்ற ஆண்டு கற்றுக்கொண்டது. அந்த நாளன்று செக்டார் 17க்கு வர விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.